எவ்வளவு மிஞ்சும்?

(மயிலாப்பூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு "வீட்டிலிருந்தபடியே இணையத்தில் லட்சங்கள்" என்று தலைப்பு வைத்தால் மண்டபம் நிறையும் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். அந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் வேறு இருக்கிறார்கள், நான் வெறும் ஆடிட்டர், "எவ்வளவு மிஞ்சும்?" என்று போடுங்கள் என்றேன். அப்படிப் போட்டும் பின்வரிசை வரைக்கும் ஆள் இருக்கிறது. சந்தோஷம்.

என்னிடம் கணக்கு எழுத வருகிறவர்களில் பெரிய கம்பெனிக்காரர் யாரும் கிடையாது. புடவை எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் விற்கிறவர்கள், மாட வீதிப் பக்கம் பருப்புப் பொடியும் வத்தலும் போட்டு வெளியூருக்கு அனுப்புகிறவர்கள், அடையாறில் வீட்டு மாடியில் உட்கார்ந்து அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவர்கள், சமையல் சேனல் வைத்திருப்பவர்கள். இவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் நாள் வரும்போதே மனதில் ஒரு தொகையோடு வருகிறார்கள். மாதம் ஐம்பதாயிரம், ஒரு லட்சம். அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், யாரோ மொபைலில் காட்டிய ஒரு ஸ்கிரீன்ஷாட். அதில் இருப்பது விற்பனைத் தொகை. விற்பனையைப் பார்த்து வருமானம் என்று நினைத்துக்கொள்வதில்தான் முக்கால்வாசி ஏமாற்றம் தொடங்குகிறது. அதனால் இன்றைக்கு ஒரே ஒரு புடவையை எடுத்துக்கொண்டு கடைசி வரை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். இதில் வரும் தொகைகள் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் சரக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

பாரிமுனை கோடவுன் தெருவிலோ, சேலம் இளம்பிள்ளையிலிருந்து வரவழைத்தோ, 600 ரூபாய்க்கு ஒரு புடவை வாங்குகிறீர்கள். 950 ரூபாய், ஃப்ரீ ஷிப்பிங் என்று போடுகிறீர்கள். கையில் 350. இந்த 350தான் எல்லோர் மனதிலும் நிற்கிற தொகை. "ஒரு புடவைக்கு 350, ஒரு நாளைக்குப் பத்துப் புடவை, மாசம் ஒரு லட்சம் சார்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்.

கூரியர் 80. கவர், டேப், லேபிள் எல்லாம் சேர்த்து 15. மிச்சம் 255. அடுத்தது விளம்பரம். உங்களைத் தெரியாத ஒருவர் உங்கள் புடவையைப் பார்க்க வேண்டுமென்றால் இன்ஸ்டாகிராமுக்கோ ஃபேஸ்புக்குக்கோ பணம் கட்ட வேண்டும். கட்டிய பணத்தை வந்த ஆர்டர்களால் வகுத்தால் ஓர் ஆர்டருக்கு 120 என்று வையுங்கள். மிச்சம் 135. இருபது புடவையில் ஒன்று, இழை போய்விட்டது, கலர் வேறு மாதிரி இருக்கிறது, கூரியரில் காணாமல் போனது என்று முழு நஷ்டமாகும். அதற்காகத்தான் எல்லாப் பக்கங்களிலும் "பார்சல் ஓப்பனிங் வீடியோ கட்டாயம்" என்று எழுதியிருப்பார்கள். எழுதினாலும் போகிறது போகத்தான் செய்யும். 600ஐ இருபதால் வகுத்தால் 30. மிச்சம் 105. போன், இன்டர்நெட், போட்டோவுக்கு ஒரு லைட், ஸ்டாண்டு என்று புடவைக்கு 15. மிச்சம் 90.

இதோடு முடிந்ததா? இல்லை. ஐம்பது புடவை எடுத்தீர்களானால் ஐம்பதும் போகாது. எட்டு நகராமல் அலமாரியில் உட்காரும். ஆடி மாதம் தி.நகர் முழுக்கத் தள்ளுபடி போர்டு தொங்கும்போது நீங்களும் 400க்குப் போட்டுத் தள்ளுவீர்கள், கூரியர் அவர்கள் செலவு என்று. புடவைக்கு 200 நஷ்டம், எட்டுக்கு 1,600. அதை ஒழுங்காக விற்ற 42 புடவையின் தலையில் போட்டால் ஒன்றுக்கு 38 ரூபாய்.

ஆக, மிஞ்சுவது 52 ரூபாய்.

மாதம் 20,000 ரூபாய் வேண்டும் என்றால் 385 புடவை விற்க வேண்டும். நாளைக்குப் பதின்மூன்று, ஞாயிற்றுக்கிழமை உட்பட. அதற்கு மாதாமாதம் இரண்டே முக்கால் லட்சத்துக்குச் சரக்கு எடுக்க வேண்டும். ஒரு புடவை விற்பதற்குள் ஐந்தாறு பேர் "சிஸ், ப்ரைஸ்?" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போவார்கள்; அவர்களுக்கும் பதில் போட வேண்டும். இன்னொன்று. 385 புடவையை 950ஆல் பெருக்கி, பன்னிரண்டு மாதத்துக்குப் போட்டால் ஆண்டு விற்பனை 43 லட்சத்துக்கு மேல் வருகிறது. தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விற்பவருக்கு ஜி.எஸ்.டி. பதிவுக்கான வரம்பு 40 லட்சம். மாதம் இருபதாயிரம் சம்பாதிக்கிற பெண்மணி அதைத் தாண்டிவிட்டார். பெங்களூரில் இருக்கிற ஒரு வாடிக்கையாளருக்கு விற்க ஆரம்பித்திருந்தால் 40 லட்சம் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை; மாநிலம் தாண்டிப் பொருள் விற்றால், சில கைவினைப் பொருட்களுக்கான விலக்கு தவிர, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். இதைச் சொன்னால் என் எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். ஆனால் அவர் ஸ்கிரீன்ஷாட் போட்டால் அதில் 43 லட்சம் என்று இருக்கும். பார்க்கிற நமக்கு வயிறு எரியும்.

950 ரூபாய்க்கு 52 ரூபாய் என்பது ஐந்தரை சதவீதம். நான் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். வருமானவரிச் சட்டத்தில் 44ஏடி என்று நெடுங்காலமாக அறியப்பட்ட ஒரு பிரிவு உண்டு. சிறு வியாபாரி முழுக் கணக்குப் புத்தகம் வைத்துக்கொள்ளாமல், விற்பனையில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டி வரி கட்டலாம். வங்கி வழியாகவோ டிஜிட்டலாகவோ வந்த விற்பனை என்றால் 6 சதவீதம் போதும். டிஜிட்டலுக்குக் கொடுத்த சலுகைதான் அந்த 6, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வரி வசூலிக்கிற துறையே சிறு வியாபாரியிடம் இவ்வளவுதான் மிஞ்சும் என்று ஊகிக்கும்போது, ரீல்ஸில் வருகிற இளைஞர் 40 சதவீதம் என்று சொன்னால் யாரை நம்புவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இணையத்தில் கடை போட்டால் வாடகை கிடையாது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. ரங்கநாதன் தெருவில் பத்துக்குப் பத்து இடத்துக்கு என்ன வாடகை என்று தெரிந்தவர்களுக்கு அந்த நினைப்பு ரொம்ப இனிக்கும். இந்தப் புடவையின் கணக்கில் இருக்கிற 120 ரூபாய் விளம்பரம் என்ன? அதுதான் வாடகை. கடைக்காரர் ஏன் ரயில் நிலையத்தின் வாசலில் அவ்வளவு கொடுத்து இடம் பிடிக்கிறார்? மாம்பலம் ஸ்டேஷனில் இறங்குகிற கூட்டம் கடை முன்னால் நடந்து போகும் என்பதற்காக. இன்ஸ்டாகிராமும் கூட்டத்தைத்தான் விற்கிறது, தவணை முறையில்.

இப்போது அதே கணக்கில் ஒரு வரியை அழியுங்கள். அந்தப் புடவை வாங்கிய அம்மாள் மூன்று மாதம் கழித்துத் தானாக வந்து, "போன தடவை எடுத்த மாதிரியே இன்னொன்னு, அரக்குல இருக்கா?" என்று கேட்கிறார். அவருக்கு விளம்பரச் செலவு இல்லை. 52 ரூபாய் 172 ஆகிவிடுகிறது. மூன்று மடங்குக்கு மேல். நான் இன்றைக்குச் சொல்ல வந்த விஷயமே இதுதான்: இந்த வியாபாரத்தில் பணம் இரண்டாவது ஆர்டரில் இருக்கிறது. முதல் ஆர்டர் செலவுக்குத்தான் காணும். அப்படித் திரும்பி வருகிறவர்கள் ஒரு முந்நூறு பேர் சேர எவ்வளவு காலம் ஆகிறதோ, அவ்வளவு காலம் வருமானத்தை எதிர்பார்க்கக் கூடாது. என் அனுபவத்தில் இரண்டு வருஷத்துக்குக் குறைந்து யாருக்கும் அமைந்து நான் பார்க்கவில்லை. பனகல் பூங்கா பக்கத்தில் நல்லி பட்டுக்கடை 1928லிருந்து இருக்கிறது. பாட்டிக்குக் கூறைப் புடவை எடுத்த இடத்தில் பேத்திக்கும் எடுக்கிறார்கள். அந்தப் பேத்தியை வரவழைக்க அவர்கள் யாருக்கும் 120 ரூபாய் கட்டுவதில்லை.

பெரிய தளங்களில் போய் விற்பதைப் பற்றிக் கேட்பீர்கள். 2021ல் மீஷோ கமிஷனே வேண்டாம் என்றது. 2025 ஏப்ரலிலிருந்து அமேசான், 300 ரூபாய்க்குக் கீழ் உள்ள பெரும்பாலான பொருட்களுக்கு ரெஃபரல் கட்டணத்தை எடுத்துவிட்டது. நல்ல விஷயம்தான். சரக்கு அனுப்பும் கட்டணமும், கேஷ் ஆன் டெலிவரியில் வாசல் வரை போய்த் திரும்புகிற பார்சலும் அப்படியேதான் இருக்கின்றன. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஆர்.டி.ஓ. என்று சொன்னால் அது டிரைவிங் லைசென்ஸ் ஆபீஸ் அல்ல, விற்ற இடத்துக்கே திரும்பிவரும் பார்சல். "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்று ஒரு வார்த்தையில் இரண்டு பக்கச் செலவும் விற்றவர் தலையில். ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய ஆட்சேபணை வேறு. அங்கே வாங்குகிறவர் உங்கள் வாடிக்கையாளர் அல்ல, தளத்தின் வாடிக்கையாளர். அவர் போன் நம்பர்கூட உங்களுக்குத் தெரியாது. அடுத்த தடவை அதே புடவையைத் தேடினால் உங்களைவிட இருபது ரூபாய் குறைத்துப் போட்டவரிடம் போவார். அந்த இரண்டாவது ஆர்டர் தளத்துக்குச் சேரும். சரக்கு தீர்க்கவும் தொழில் பழகவும் அங்கே போங்கள். அங்கேயே குடியிருக்க வேண்டாம்.

எடையைப் பற்றி ஒரு நிமிஷம். வடக்கு மாட வீதியில் நவராத்திரிக்கு முன்னால் கொலு பொம்மைக் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே வாங்கி வெளியூருக்கு அனுப்பலாம் என்று போன வருஷம் ஒரு தம்பதி வந்தார்கள். பொம்மை செட் மூன்று கிலோ. உடையாமல் போக வைக்கோல், தெர்மகோல் எல்லாம் வைத்து நாற்பது சென்டிமீட்டர் நீள, அகல, உயரத்தில் ஒரு பெட்டி. கூரியர்காரர் தராசில் மட்டும் பார்க்க மாட்டார். டேப்பை எடுத்து அளப்பார். நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5,000ஆல் வகுத்தால் 12.8 வருகிறது. மூன்று கிலோவுக்கு இல்லை, 12.8 கிலோவுக்குக் காசு. பொம்மை விலையைவிட அனுப்பும் செலவு கூட. அந்த யோசனை என் மேஜையிலேயே முடிந்தது. நல்லதுதான், சரக்கு எடுப்பதற்கு முன்னால் வந்தார்கள்.

தமிழ்ப் புத்தகத்துக்கு வருகிறேன். இணையத்தில் தமிழ்ப் புத்தகம் விற்பது என்பது புதிதல்ல. 2000களின் நடுவிலேயே தி.நகர் தெற்கு உஸ்மான் சாலையில் பி.எம்.ஜி. காம்ப்ளெக்ஸில் எனி இந்தியன் டாட் காம் இருந்தது. பல பதிப்பகங்களின் புத்தகங்களையும் ஒரே இடத்தில் வாங்கலாம். பிறகு பதிப்பகமாகவும் இயங்கினார்கள். வாசகர்கள் கொண்டாடிய முயற்சி. இன்று அந்தத் தளம் இல்லை. அதே தொழிலில் உடுமலைப்பேட்டையிலிருந்து உடுமலை டாட் காம் இன்றும் நடக்கிறது. புத்தகத்தில் இரண்டாவது ஆர்டர் தாராளமாக வரும். படிக்கிறவன் நிறுத்த மாட்டான். குறை வேறு இடத்தில். 200 ரூபாய்ப் புத்தகத்துக்குப் பதிப்பகம் 30 சதவீதம் கழிவு கொடுக்கிறது என்று வையுங்கள், 60 ரூபாய். வாசகருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி கொடுக்காவிட்டால் அவர் புத்தகக் காட்சி வரட்டும் என்று காத்திருப்பார். அது 20. பேக்கிங் 10. மிச்சம் 30. அதில் கடை வாடகை, ஆள் சம்பளம்.

இந்த 30 ரூபாய்க்காரர்கள் உயிரோடு இருந்ததற்கு ஒரு காரணம் தபால் துறையின் பதிவுப் புத்தக அஞ்சல். மலிவு, பத்திரம், குக்கிராமம் வரை போகும். 2024 டிசம்பர் 18 அன்று அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். பெரிய அறிவிப்பு எதுவும் கிடையாது. கவுன்டரில் போய் நின்றவர்களுக்குத்தான் தெரிந்தது. ஒரு கிலோ புத்தகம் அனுப்புகிற செலவு ஒரே நாளில் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. விற்றவர் திறமை குறையவில்லை, புத்தகம் கெட்டுப்போகவில்லை. யாரோ ஒருவர் ஒரு கட்டணப் பட்டியலில் ஒரு வரியை எடுத்தார்.

இதேபோல் இன்னொன்று நம் பேட்டையில் நடந்தது. 2025 ஆகஸ்ட் கடைசியில், 800 டாலருக்குக் குறைந்த பார்சலுக்கு இருந்த சுங்கவரி விலக்கை அமெரிக்கா எல்லா நாடுகளுக்கும் எடுத்தது. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று தெளிவில்லாததால், நம் தபால் துறை ஆகஸ்ட் 25லிருந்து, கடிதங்களும் 100 டாலர் வரையான அன்பளிப்புகளும் தவிர, அமெரிக்கப் பார்சலை நிறுத்திவைத்தது. திரும்ப ஆரம்பித்தது அக்டோபர் 15. அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 20. பட்சணமும் லேகியமும் அனுப்புகிற மாமிகளுக்கு வருஷத்தில் நாலு மாதச் சம்பாத்தியம் அந்த ஆறேழு வாரத்தில்தான். தனியார் கூரியரில் அனுப்பலாம். கிலோவுக்கு அவர்கள் கேட்கிற தொகையில் இங்கே ஒரு குடும்பம் ஒரு வேளை கல்யாணச் சாப்பாடு சாப்பிடலாம். அதற்கும் முன்னால், 2020 ஜூன் 29 இரவு டிக்டாக்குக்குத் தடை வந்தபோது லட்சக்கணக்கான ஃபாலோயர்களை வைத்திருந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓரிரு நாளில் ஒருவரும் இல்லை. ஆகவே வருமானத்தை எதிர்பார்க்கும்போது வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்று போடாதீர்கள். ஒன்பது என்று போடுங்கள். மிச்ச மூன்று மாதம் யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

எனக்குத் தெரிந்து இந்தப் பகுதியில் இணையத்தால் நிம்மதியாகச் சம்பாதிக்கிறவர்கள் பாட்டு, வயலின், மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறவர்கள்தான். இதை யாரும் ஆன்லைன் பிசினஸ் என்று சொல்வதில்லை. அவர்களே சொல்ல மாட்டார்கள். "கிளாஸ் எடுக்கறேன்" என்பார்கள். காலை ஐந்தரை மணிக்கு சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நியூஜெர்சியில் முந்தின நாள் இரவு எட்டு மணி. குழந்தை சாப்பிட்டுவிட்டுத் தூங்குவதற்கு முன்னால் ஒரு வர்ணம். நவம்பரில் அங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவைத்துவிட்டால் அதே வகுப்பு இங்கே ஆறரை மணிக்குப் போய்விடும். மார்ச்சில் மறுபடி ஐந்தரைக்கு வரும். கலிபோர்னியாக் குழந்தை என்றால் வேறு கணக்கு. இந்த அட்டவணையைக் குழப்பமில்லாமல் நடத்துவதே ஒரு திறமை. இணையத் தாமதத்தால் தாளம் அரை மாத்திரை பின்னால் கேட்கும் என்பதால், "நீ பாடு, நான் கேக்கறேன், சேர்ந்து பாட வேண்டாம்" என்று பழக்கிக்கொண்டார்கள்.

இதில் என்ன அழகு பாருங்கள். ஒரு குழந்தை சரளி வரிசையில் ஆரம்பித்தால் எட்டு வருஷம் கற்றுக்கொள்கிறது. கிளீவ்லாந்தில் 1978லிருந்து நடக்கிற தியாகராஜ ஆராதனைப் போட்டிக்குத் தயாராகிறது. தங்கை வருகிறாள். பக்கத்து வீட்டுக் குழந்தை வருகிறது. ஒரு தடவை சேர்ந்தவர் தொண்ணூறு தடவை பணம் கட்டுகிறார், விளம்பரம் ஒரு பைசா இல்லாமல். கழிவு என்றால் பேபால் மாதிரி நிறுவனங்கள் எடுக்கிற நான்கு சதவீதத்துக்கு மேற்பட்ட தொகை, டாலரை ரூபாயாக்குவதில் கொஞ்சம். அவ்வளவுதான். ஆனால் இந்த வருமானத்துக்கு ஒரு கூரை இருக்கிறது. தொண்டை ஒன்றுதான். நாளைக்கு ஆறு வகுப்புக்கு மேல் எடுத்தால் டிசம்பர் சீசனில் சொந்தக் கச்சேரிக்குக் குரல் இருக்காது. மேலும், அந்த ஆறு வகுப்புக்குப் பின்னால் இருபது வருஷ சாதகம் இருக்கிறது. நேற்று இரவு யோசித்து இன்று காலை ஆரம்பித்த தொழில் அல்ல. இணையம் செய்தது இத்தனைதான்: மயிலாப்பூரில் இருந்த ஒரு நல்ல வாத்தியாரை நியூஜெர்சி வரை கேட்கவைத்தது.

யூடியூபை நீளமாகப் பேசப் போவதில்லை. விளம்பரப் பணம் வர ஆயிரம் சப்ஸ்கிரைபர், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை வேண்டும். ஷார்ட்ஸ் வீடியோக்களுக்கு வேறு கணக்கு. 4,000 மணி என்பது 2,40,000 நிமிஷம். உங்கள் ரசம் வீடியோவை ஒருவர் சராசரியாக நாலு நிமிஷம் பார்க்கிறார் என்றால் 60,000 தடவை பார்க்கப்பட வேண்டும். அப்போது கிடைப்பது பணம் அல்ல, விண்ணப்பம் போடும் தகுதி. பிறகு விளம்பர வருவாயில் 55 சதவீதம் உங்களுக்கு, அது 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். முதல் 100 டாலர் வந்ததும் வீட்டில் எல்லோரும் சரவண பவனுக்குப் போவார்கள். இரண்டாவது 100 எப்போது வரும் என்று அப்போது யாரும் கேட்பதில்லை. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்து வில்லேஜ் குக்கிங் சேனலைச் சொல்வீர்கள். 2018ல் ஆரம்பித்து 2021 ஜூலையில் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்ட முதல் தமிழ் சேனல். முதலமைச்சர் நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் கொடுத்தார்கள். எனக்கும் அவர்களைப் பிடிக்கும். அதில் சமைக்கிற பெரியதம்பித் தாத்தா சேனலுக்காகக் கரண்டி பிடித்தவர் அல்ல, முன்பே சமையல் தொழில் செய்தவர். ஊரில் முதல் மார்க் வாங்கிய பையனைப் பார்த்து எல்லாப் பையன்களுக்கும் அந்த மார்க்கை எதிர்பார்ப்பதில்லை அல்லவா?

சென்னையிலிருந்து பெரிதாக வந்தவர்களும் இருக்கிறார்கள். முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் வேலை பார்த்தபோது, 1997ல் தமிழர்களுக்காக ஓர் இணையதளம் ஆரம்பித்தார். அதில் திருமண விளம்பரம் ஒரு பகுதி. ஜனங்கள் அந்தப் பகுதிக்குத்தான் வருகிறார்கள் என்பதைக் கண்டுகொண்டார். அதுதான் பாரத் மேட்ரிமோனி. அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது 2017 செப்டம்பரில்; இருபது வருஷம். வேடிக்கை என்னவென்றால், நான் சொன்ன இரண்டாவது ஆர்டர் அங்கே வரக் கூடாது, வந்தால் விபரீதம். அதனால்தான் அவர்கள் புது ஆட்களுக்காக டி.வி.யில் ஓயாமல் விளம்பரம் செய்ய வேண்டியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

காரட்லேன் 2008ல் சென்னையில் ஆரம்பித்த இணைய நகைக்கடை. ஆரம்பித்த மிதுன் சசேத்தி நகை வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். பல வருஷம் நஷ்டம். தெருவில் ஷோரூம் திறக்க வேண்டியதாயிற்று. தங்கத்தைக் கையில் போட்டுப் பார்க்காமல் நம் பெண்கள் வாங்குவார்களா? 2016ல் டைட்டன் 62 சதவீதத்தை வாங்கியது. 2023ல் மீதியில் சுமார் 27 சதவீதத்தை 4,621 கோடிக்கு வாங்கியபோதுதான் செய்தித்தாளில் எல்லோரும் படித்தோம். நடுவில் இருக்கிற பதினைந்து வருஷம் அந்தத் தலைப்புச் செய்தியில் இல்லை.

இனி, வியாபாரமே இல்லாத வியாபாரங்கள். கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட மைவி3 ஆட்ஸ் உங்களுக்கு நினைவிருக்கும். மொபைலில் விளம்பரம் பார்த்தால் பணம். கட்டணம் கட்டி மேல் நிலைக்குப் போனால் தினம் வரும் பணம் கூடும். ஆள் சேர்த்தால் இன்னும் கூடும். போலீஸ் வழக்குப் பதிந்ததும் 2024 ஜனவரியில் நீலாம்பூர் பக்கம் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டார்கள், புகார் கொடுக்க அல்ல, நிறுவனத்துக்கு ஆதரவாக. பணம் வந்துகொண்டிருக்கும் வரை யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. இப்போது டெலிகிராமில் வருவது அதன் தம்பி: ஓட்டலுக்கு ஸ்டார் போட்டால் ஐம்பது ரூபாய், முதல் நாள் நிஜமாகவே ஐந்நூறு வரும், நாலாம் நாள் "பிரீபெய்டு டாஸ்க்" என்று பத்தாயிரம் கட்டச் சொல்வார்கள். நான் எல்லோரையும் கேட்கச் சொல்கிற கேள்வி ஒன்று: இதில் பொருளை வாங்கிப் பயன்படுத்துகிற கடைசி ஆள் யார்? புடவை கட்டிக்கொள்கிற அம்மாள் இருக்கிறார், பாட்டுக் கற்கிற குழந்தை இருக்கிறது. இங்கே யாரும் இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள். எத்தனை சீக்கிரம் சொல்கிறீர்களோ அத்தனைக்குப் பணத்தை வங்கியில் தடுத்து நிறுத்த வாய்ப்பு. மாதம் லட்சம் சம்பாதிப்பது எப்படி என்று 99 ரூபாய்க்கு வெபினார் நடத்தி, கடைசி பத்து நிமிஷத்தில் 25,000 ரூபாய்க் கோர்ஸை விற்கிறவர்களைச் சட்டம் பிடிக்காது. அவர்கள் உண்மையாகவே இணையத்தில் சம்பாதிக்கிறவர்கள். அந்தக் கோர்ஸை விற்று.

அப்படியானால் எதை எதிர்பார்க்கலாம்? என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். முதல் வருஷம் போட்ட பணம் கரையாமல் இருந்தால் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். இரண்டாம் வருஷக் கடைசியில், உங்கள் உழைப்புக்குக் கூலி என்று மாதம் பத்துப் பதினைந்தாயிரம் எடுக்க முடிந்தால் வெற்றி. ஒரு வீட்டில் அந்தப் பதினைந்தாயிரம் ஸ்கூல் ஃபீஸ், அல்லது மாமியாரின் மருந்துச் செலவு. அதைச் சிறிது என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஒரு வருஷ வீட்டுச் செலவு கையிருப்பில் சேர்ந்து, வருகிற ஆர்டரில் பாதி பழைய ஆட்களிடமிருந்து வர ஆரம்பித்த பிறகு, வேலையை விடுவது பற்றி யோசிக்கலாம். ஓய்வு பெற்றவர்கள் பி.எஃப். பணத்தைச் சரக்கில் போட வேண்டாம். முப்பது வருஷம் ஆபீஸில் இருந்தவருக்கு நகராத சரக்கைப் பார்த்துக்கொண்டு தூங்கப் பழக்கம் இருக்காது.

தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். அதே ஜிபேயில் பால்காரருக்கும் கட்டி, புடவைப் பணமும் வாங்கினால் வருஷக் கடைசியில் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வாரத்துக்கு ஒரு தடவை கொள்முதல், கூரியர், பேக்கிங், விளம்பரம், திரும்பி வந்தது, நகராதது என்று ஆறு பத்தி எழுதுங்கள். ஏழாவது பத்தியில், அந்த வாரம் வாங்கியவர்களில் முன்பே வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். அதற்கு ஒரு மாதிரித் தாள் அச்சிட்டு வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்து மேஜையில் வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது. முன்வரிசையில் ஒருவர் ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார், கேள்வியை அவரிடமிருந்தே ஆரம்பிப்போம்.